நிமோனியா ஊசி: யாருக்கு, எப்போது, ஒரு தடவை போட்டால் போதுமா?

கேள்வி (ஒரு வாசகர்), 2 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள்தான் இருக்கிறது. நாலு வருடம் முன்பு நிமோனியா ஊசி போட்டோம். "ஒரு தடவை போட்டால் போதும், ஆயுசுக்கும் கவலையில்லை" என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர் இன்னொரு நிமோனியா ஊசி போடச் சொல்கிறார். முன்பு போட்டது வீணா, இல்லை இப்போது சொல்வது வியாபாரமா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 செப்டம்பர் 2024, இரவு

எந்த ஊசி போட்டீர்கள்? அது தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. தடுப்பூசி அட்டை, பில், மருந்துச் சீட்டு, ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கும். பெயரோடு 13 என்ற எண் இருக்கிறதா, 23 இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

3 செப்டம்பர் 2024

அவர் தேடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் நாலு பேர் "வருஷா வருஷம் போடணுமே", "அது குழந்தைகளுக்கு மட்டும்தானே" என்று கீழே எழுதிவிட்டார்கள். வருஷா வருஷம் போடுவது ஃப்ளூ ஊசி. இது வேறு.

நான் டாக்டர் இல்லை. தடுப்பூசி அறையில் நர்ஸாக இருந்து, இப்போது வேலையை விட்டுவிட்டவள். அங்கே கையில் எடுத்துப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இந்த ஊசி தடுப்பது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை. அதைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை இருக்கும். நம் உடம்பு அந்த உறையைப் பார்த்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும். உறையில் நூறு வகைக்குமேல் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உண்டான எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அடுத்த வகையிடம் செல்லாது. தடுப்பூசிப் பெயரில் வரும் 13, 20, 23 எல்லாம் எத்தனை வகை உறை அதில் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு.

அந்த எண்ணைவிடத் தயாரிப்பு முறைதான் முக்கியம். 23இல் இருப்பது வெறும் உறைச் சர்க்கரை. மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். 13, 15, 20, 21 எல்லாம் கான்ஜுகேட் வகை. உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பார்கள். பல ஊசிகளில் அந்தப் புரதம், டிப்தீரியா நச்சின் தீங்கில்லாத ஒரு வடிவம். தெரியாத ஆளை, தெரிந்தவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அறிமுகம் செய்வது போல. வெறும் சர்க்கரையைக் கண்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளாது, சில வருடங்களில் குறைந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையைச் சரியாகக் கண்டுகொள்வதே இல்லை. புரதத்தோடு வந்தால் கண்டுகொள்கிறது, நினைவிலும் வைக்கிறது.

அதனால் 23 பெரிது, 13 சிறிது என்று கடைச் சாமான் வாங்குவது போல எண்ணிப் பார்க்காதீர்கள்.

3 செப்டம்பர் 2024, மாலை

அட்டை கிடைத்துவிட்டதாம். 23. நினைத்தேன்.

அப்போது போட்டதில் தவறு எதுவும் இல்லை. 65 வயதுக்குக் கீழே சர்க்கரை நோய் உள்ளவருக்கு அன்றைக்கு இருந்த அமெரிக்க வழிகாட்டுதலே ஒரு 23 என்பதுதான். ஆனால் அதை "ஆயுசுக்கும்" என்று சொன்னதுதான் இடிக்கிறது. அந்தக் கணக்கிலேயே 65க்குப் பிறகு, ஐந்து வருட இடைவெளி விட்டு, இன்னொரு 23 உண்டு.

2021இல் பெரியவர்களுக்கான 15, 20 இரண்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த வருடம் ஜூனில் 21 வந்தது. அங்கே இப்போதைய ஏற்பாடு இது: முன்பு 23 மட்டும் போட்டவர், குறைந்தது ஒரு வருடம் கழித்து ஒரு கான்ஜுகேட் ஊசி போட்டுக்கொண்டால் முடிந்தது. உங்கள் அப்பாவுக்கு நாலு வருடம் ஆகிவிட்டது. ஆக, புது டாக்டர் சொல்வது சரி. வியாபாரம் என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு, இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

5 செப்டம்பர் 2024

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஏற்கெனவே வேறு ஏதாவது போட்டிருந்தால் கணக்கு மாறும்.

எதுவுமே போடாதவர்: 20 அல்லது 21 ஒன்று போட்டால் முடிந்தது. 15 போட்டால் ஒரு வருடம் கழித்து 23 போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அந்த ஒரு வருடத்தை எட்டு வாரமாகக் குறைக்கலாம்.

13 மட்டும் போட்டவர்: ஒரு வருடம் கழித்து 20 அல்லது 21.

13, 23 இரண்டையும் 65 வயதுக்குப் பிறகு முடித்தவர்: கடைசி ஊசியிலிருந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால், டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்து 20 அல்லது 21 போட்டுக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை.

என்ன போட்டோம் என்றே தெரியாதவர்: போடாதவர் என்று வைத்துக்கொண்டு போட்டுவிடலாம். ஒன்று கூடிப்போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம், கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

இரண்டு வகையும் போட வேண்டி வந்தால் கான்ஜுகேட் முதலில், 23 பிறகு. வெறும் சர்க்கரையை முதலில் காட்டிவிட்டால் அடுத்து வரும் கான்ஜுகேட்டுக்கு உடம்பு மந்தமாகப் பதில் சொல்கிறது. அதனால்தான் 23ஐ முந்திப் போட்டவர்களை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

6 செப்டம்பர் 2024

"65 ஆகாதவருக்கு இது தேவையே இல்லை, அப்படித்தானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இல்லை.

நாள்பட்ட இதய நோய், நுரையீரல் நோய் (சிஓபிடி, ஆஸ்துமா சேர்த்து), கல்லீரல் நோய், சர்க்கரை நோய், குடிப்பழக்கம், சிகரெட். இவை இருந்தால் 19 வயதிலிருந்தே போடலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். அடுத்த கூட்டம் இன்னும் ஆபத்தானது: மண்ணீரல் இல்லாதவர்கள் அல்லது இருந்தும் வேலை செய்யாதவர்கள் (சிக்கிள் செல் நோயில் இப்படி ஆகும்), எச்ஐவி உள்ளவர்கள், ரத்தப் புற்றுநோய், லிம்போமா, மைலோமா, உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, நெஃப்ரோடிக் நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள். மூளைத் தண்டுவட நீர் கசிபவர்கள், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி) வைத்தவர்கள் தனி. அவர்களுக்கு நுரையீரலைவிட மூளைக்காய்ச்சல்தான் பயம்.

சிகரெட்டைப் பார்த்ததும் ஒருவர் "அப்போ ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாகப் புகைக்கலாமா" என்று கேட்டிருக்கிறார். ஐயா, நூற்றுக்குமேல் வகை உண்டு என்று மேலே சொன்னேன், ஊசியில் இருப்பது 20. மீதியைக் கணக்குப் போட்டுக்கொண்டு பற்றவையுங்கள்.

8 செப்டம்பர் 2024

மண்ணீரலை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். அதற்குத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

என் கொழுந்தனாருக்கு இளவயதில் பைக் விபத்து. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, அவசரமாகத் திறந்து மண்ணீரலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், அதற்கு அந்த டாக்டர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அறுவை சிகிச்சையின் பெயர் இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது, கனமாக எதையும் தூக்காதே என்று இருந்தது. தடுப்பூசி பற்றி ஓர் எழுத்து இல்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் இல்லை. அப்போது நான் அந்தக் குடும்பத்துக்குள் வரவில்லை. பிற்பாடு ஒருநாள் பழைய கோப்புகளைப் பிரித்து அடுக்கும்போது அந்தச் சீட்டு கைக்கு வந்தது. "இதற்கு என்னென்ன ஊசி போட்டீங்க?" என்றேன். "டெட்டனஸ் போட்டாங்க அண்ணி" என்றார்.

ரத்தத்தில் உறையோடு சுற்றும் கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு. அது இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் ரத்தத்தில் ஏறினால், காலையில் சாதாரணக் காய்ச்சல், சாயங்காலம் ஐசியூ என்கிற வேகத்தில் போகும். எடுத்த புதிதில் ஆபத்து அதிகம், ஆனால் ஆயுள் முழுக்க அது போவதில்லை. பல வருடம் நன்றாக இருந்தார் என்பது பாதுகாப்பு இருந்ததற்குச் சாட்சி இல்லை.

எப்போது போடுவது? திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. விபத்து போல அவசரம் என்றால் அறுவை முடிந்து 14 நாள் கழித்து. ஆள் திரும்ப வருவாரா என்று சந்தேகம் இருந்தால், அனுப்புவதற்கு முன்பே போட்டுவிடுவது மேல். இதை நான் வேலை செய்த இடத்தில் அடித்துச் சொல்வேன். திரும்ப வராதவர்கள் பட்டியல் எப்போதும் நீளம். இதோடு, உறையுள்ள வேறு இரண்டு கிருமிகளுக்கான மெனிஞ்சோகாக்கல், ஹிப் ஊசிகளும் சேரும், டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது, அப்போதே கிளம்ப வேண்டும், மண்ணீரல் இல்லை என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும்.

கொழுந்தனாருக்கு அப்போதைய முறைப்படி முதலில் 13, எட்டு வாரம் கழித்து 23. இரண்டும் நானே போட்டேன்.

8 செப்டம்பர் 2024, பின்னிரவு

மண்ணீரல் எடுத்தவர் யாராவது இதைப் படித்தால், பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

11 செப்டம்பர் 2024

"எனக்கு ஏற்கெனவே நிமோனியா வந்து போய்விட்டது, இனி ஊசி எதற்கு?"

வந்தது நிமோகாக்கஸால்தானா என்பதே பலருக்குத் தெரியாது. வைரஸாலும் வரும், மைக்கோபிளாஸ்மா என்ற வேறொரு பாக்டீரியாவாலும் வரும். நிமோகாக்கஸ்தான் என்றாலும் வந்தது ஒரு வகை. மற்ற வகைகள் அப்படியே காத்திருக்கின்றன. ஒரு தடவை வந்தவர் என்பதே, உங்கள் நுரையீரலுக்குள் நுழைய வழி இருக்கிறது என்று காட்டுகிறது.

24 அக்டோபர் 2024

பழைய இழையைத் தூசு தட்ட வேண்டியதாகிவிட்டது. அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு நேற்று வயது வரம்பை 65இலிருந்து 50க்கு இறக்க வாக்களித்திருக்கிறது. ஆக, செப்டம்பர் 6 குறிப்பில் "65 ஆகாதவர்" என்று வரும் இடத்தை "50 ஆகாதவர்" என்று படித்துக்கொள்ளுங்கள். நோய்ப் பட்டியல் 19 முதல் 49 வரைக்குப் பொருந்தும்.

எனக்கு 57. என்னை இது நேராக இடிக்கிறது.

இறக்கியது சரியா என்று இரண்டு மனதாக இருக்கிறது. சரி என்று சொல்லக் காரணம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய கூட்டத்தில் எத்தனையோ பேருக்குச் சர்க்கரையோ இதயக் கோளாறோ புகைப்பழக்கமோ ஏற்கெனவே இருக்கிறது. விதிப்படி அவர்கள் எப்போதோ போட்டிருக்க வேண்டியவர்கள். போடவில்லை. ஏனென்றால், ஊசி போடும் இடத்தில் நோய்ப் பட்டியலை வாசித்துக் காட்ட யாருக்கும் நேரம் இல்லை. "வயது என்ன?" என்று கேட்க ஒரு நொடி போதும். தடுப்பூசி அறையில் நின்றவளுக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்னொரு பக்கம், ஐம்பதில் ஆரோக்கியமாக இருப்பவர் ஒரு ஊசியைச் செலவழித்துவிட்டால், உண்மையாகவே தேவைப்படும் எழுபத்தைந்தில் அதன் பலம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? கான்ஜுகேட் வெறும் சர்க்கரையைவிட நீடிக்கும், சரி. இருபத்தைந்து வருடம் நீடிக்குமா? அதுவரை காத்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை. 20, 21 வந்தே சில வருடம்தான் ஆகிறது.

பிரிட்டனில் பொதுவாக 65தான், அதுவும் 23தான். மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுகிறார்கள். இரண்டு நாட்டிலும் கிருமி ஒன்றுதான், அறிஞர்களும் நல்லவர்கள்தான், கணக்கு மட்டும் வேறு. உங்கள் நாட்டு வழிகாட்டுதல் என்னவோ அதைக் கேளுங்கள், நான் எழுதுவதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

26 அக்டோபர் 2024

குழந்தைகளை மறந்துவிட்டேன் என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டிருக்கிறார். மறக்கவில்லை. அங்கே குழப்பம் குறைவு, அட்டவணையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது மொத்தம் மூன்று டோஸ், ஆறு வார வயதிலிருந்தே தொடங்கலாம். மூன்றையும் முதல் சில மாதங்களிலேயே முடிக்கலாம், அல்லது இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை ஒன்பது மாதத்திலோ அதற்குப் பிறகோ போடலாம். இந்தியா 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று வைத்திருக்கிறது. அமெரிக்கா நாலு டோஸ்: 2, 4, 6 மாதம், பிறகு 12 முதல் 15 மாதத்துக்குள். பிரிட்டன் 2020இல் இருந்து இரண்டே டோஸ்: 12 வாரத்தில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று. நாடு மாறிப் போகிறவர்கள் அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோனால் மீதியை அங்கே சரிசெய்வார்கள்.

குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது பார்க்க வேண்டாம், பிறந்த தேதியிலிருந்து எண்ணிப் போடுங்கள்.

தவறிப்போனால்? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். ஒன்றுமே போடாமல் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு, இரண்டு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்று போதும். ஐந்து வயதைத் தாண்டி, வேறு கோளாறு இல்லாத பிள்ளைக்கு இதற்காக ஓட வேண்டாம். கோளாறு இருந்தால் (மண்ணீரல், சிறுநீரகம், காக்ளியர், இதயம்) கணக்கு வேறு, குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

27 அக்டோபர் 2024

நேற்றையதோடு ஒரு சங்கதி. குழந்தைக்குப் போடுவதால் தாத்தா பாட்டிக்கும் லாபம். ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் இந்தக் கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். கான்ஜுகேட் ஊசி அந்தக் குடியிருப்பையே குறைக்கிறது. 2000இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 7 வகை ஊசி வந்த பிறகு, ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த ஏழு வகைகளால் வரும் கடும் நோய் குறைந்தது. பேரப்பிள்ளை கொடுக்கும் முத்தம் கொஞ்சம் பத்திரமானது.

2 நவம்பர் 2024

"ஊசி போட்டும் எங்க மாமாவுக்கு நிமோனியா வந்துச்சு. ஏமாற்று வேலை."

இதைப் படித்துப் பதில் எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 85,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு 13 வகை ஊசி, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. 2015இல் முடிவு வெளியானது. அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா சுமார் 46 சதவீதம் குறைந்தது. அதே வகைகள் ரத்தம் போன்ற இடங்களுக்குப் பரவும் கடும் நோய் 75 சதவீதம் குறைந்தது. ஆனால் எந்தக் காரணத்தாலும் வரும் நிமோனியா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

மாமாவின் கதையும் இந்த ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. நிமோனியா என்பது பல வாசல் உள்ள வீடு, இந்த ஊசி ஒரு வாசலைப் பாதியும், அதன் வழியே வரும் மிக மோசமான விருந்தாளியை முக்காலும் அடைக்கிறது. "நிமோனியா ஊசி" என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம், கேட்பவர் முழு நிமோனியாவும் வராது என்றுதானே எடுத்துக்கொள்வார். ரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல் இந்த இரண்டையும் தடுக்கத்தான் முதலில் போடுகிறோம் என்று சொல்லியிருந்தால் மாமா கோபித்திருக்கமாட்டார்.

3 நவம்பர் 2024

7, 13, 15, 20, 21 என்று ஏறிக்கொண்டே போவது ஏன், ஃபோன் மாடல் மாதிரி இருக்கிறதே என்று ஒருவர்.

ஏழு வகையை அடக்கியதும் ஊசியில் இல்லாத 19ஏ தலைதூக்கியது. மருந்துக்கு எளிதில் மசியாத வகை அது. 2010இல் வந்த 13இல் அதைச் சேர்த்தார்கள். பிறகு வேறு வகைகள். இந்த ஓட்டம் முடியாது. 3ஆம் வகை ஒரு தனிப் பிடிவாதம், ஊசியில் பல வருடமாக இருந்தும் மற்ற வகைகள் குறைந்த அளவுக்கு அது குறையவில்லை.

ஆனால் 21 என்பது 20ஓடு ஒன்று சேர்த்தது இல்லை. பலர் அப்படி நினைக்கிறார்கள். குழந்தை ஊசிகளால் ஏற்கெனவே குறைந்துபோன பழைய வகைகளை எடுத்துவிட்டு, பெரியவர்களைப் படுக்கவைக்கும் வகைகளை வைத்து அமைத்திருக்கிறார்கள். வேறு எந்த ஊசியிலும் இல்லாத எட்டு வகை அதில் உண்டு. பெரியவர்களுக்கு மட்டுமே. இழப்பும் உண்டு: 4ஆம் வகை அதில் கிடையாது. அந்த வகை அதிகம் சுற்றும் பகுதிகளில் 20ஐப் போடுவதுதான் பொருத்தம்.

9 நவம்பர் 2024

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊசி புது வியாபாரம் என்று சொல்கிறவர்களுக்கு: 1911இலேயே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு அல்ம்ரோத் ரைட் என்பவர் போட்டுப் பார்த்தார். அது முழுக் கிருமியைக் கொன்று செய்த ஊசி. உறைச் சர்க்கரையை மட்டும் வைத்து, நாலு வகைக்கு, அமெரிக்க ராணுவத்தினரிடம் சோதித்து வேலை செய்கிறது என்று காட்டியவர் காலின் மக்லியாட், 1945இல். அதே மக்லியாட்தான் அதற்கு முந்தைய வருடம், ஏவரி, மெக்கார்ட்டியோடு சேர்ந்து மரபுப் பொருள் டிஎன்ஏதான் என்று காட்டியவர். அந்த ஆராய்ச்சியும் இதே நிமோகாக்கஸை வைத்துத்தான். ஊசி ஊசி என்று நாம் அடித்துக்கொள்ளும் கிருமி, உயிரியல் பாடப் புத்தகத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் பெனிசிலின் வந்தது. இனி ஊசி எதற்கு என்று விற்பனைக்கு வந்த ஊசியையே விட்டுவிட்டார்கள். 1964இல் ராபர்ட் ஆஸ்ட்ரியனும் அவரோடு கோல்டும் கணக்கெடுத்துப் பார்த்தபோது ஓர் உண்மை வந்தது. நோய் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் இறக்கிறவர்களைப் பெனிசிலினால் பெரிதாகக் காப்பாற்ற முடியவில்லை. மருந்து கையில் இருந்தும் சாகிறார்கள் என்றால் முன்கூட்டியே தடுப்பதுதான் வழி. அவர் விடாமல் நின்று 1977இல் 14 வகை ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 1983இல் அது 23 ஆனது. ஆன்டிபயாடிக் இருக்கும்போது ஊசி எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். அறுபது வருடப் பழைய கேள்வி.

12 நவம்பர் 2024

கேட்டவரின் அப்பா போட்டுக்கொண்டாராம். 20. ஒரு ராத்திரி கை வலி, லேசான காய்ச்சல், மறுநாள் சரி. நல்லது.

1 டிசம்பர் 2024

நானும் போட்டுக்கொண்டேன். இரண்டு மனதோடுதான் போனேன், ஆனால் எனக்கு ஆஸ்துமா உண்டு. அக்டோபரில் வயதை இறக்கியது சரியா தப்பா என்று அவ்வளவு நீளம் எழுதினேனே, அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. பழைய விதிப்படியே நான் எப்போதோ போட்டிருக்க வேண்டியவள். அடுத்தவர் பட்டியலைத்தான் நாம் வாசிப்போம்.

ஊசி போட வந்த பெண் புதியவள். 13, 15, 20 வகைக் கான்ஜுகேட் ஊசி நிறைத்து வரும் சிரிஞ்சை ஃபிரிட்ஜில் படுக்கையாக வைத்திருந்தால், ஒரு பக்கமாக வெள்ளையாகப் படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அலுமினிய உப்பு சேர்த்த ஊசிகள் எல்லாம் அப்படித்தான். மூடியோடு நன்றாகக் குலுக்கி, முழுதும் பால் நிறமாக ஒரே மாதிரி ஆனபின்தான் குத்த வேண்டும். அவள் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கையை எடுத்தாள். சுவரோரம் வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. "இன்னொரு தடவை குலுக்கும்மா" என்றேன். குலுக்கினாள். கோடு போனது. மேல்கைத் தசையில் செங்குத்தாக, வேகமாக, நன்றாகவே போட்டாள். குலுக்கியும் கலையாமல் கட்டி கட்டியாக இருந்தால் அந்தச் சிரிஞ்சை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு நாள் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை.

4 டிசம்பர் 2024

வரிசையாக வந்த சின்னக் கேள்விகள்.

ஃப்ளூ ஊசியோடு ஒரே நாளில் போடலாமா? போடலாம், வேறு வேறு கையில்.

லேசான சளி இருக்கும்போது? போடலாம். நல்ல காய்ச்சலோடு படுத்திருந்தால் எழுந்த பிறகு.

யாருக்குக் கூடாது? முன்பு போட்ட இதே ஊசிக்கோ, கான்ஜுகேட் என்றால் டிப்தீரியா கலந்த ஏதாவது ஊசிக்கோ, கடுமையான அலர்ஜி வந்தவருக்கு. கை வீங்கியது, ஒருநாள் காய்ச்சல் வந்தது எல்லாம் அலர்ஜி இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஊசியாலேயே நோய் வந்துவிடாதா? வராது. இதில் உயிருள்ள கிருமி இல்லை. அவர்களுக்குப் பிரச்சினை வேறு: ஊசி போட்டாலும் உடம்பு சரியாகப் பதில் சொல்லாமல் போகலாம். அதனால்தான் கீமோ தொடங்குவதற்கு முன்பே, முடிந்தால் இரண்டு வாரம் முன்பே, போட்டுவிட வேண்டும். ரிட்டுக்சிமாப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கப் போகிறவர்களுக்கும் அதே. நோய் உறுதியான அன்றைக்கு ஆயிரம் கவலை இருக்கும், ஊசி ஞாபகம் யாருக்கும் வராது. கூடப் போகிறவர் ஒருவர் இந்த ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள்.

கர்ப்பம்? எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போடும் ஊசி இல்லை. மேலே சொன்ன நோய் ஏதாவது இருந்து, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

6 ஜூலை 2025

பிரிட்டனில் இந்த மாதம் முதல் குழந்தைகளின் முதல் டோஸை 12 வாரத்திலிருந்து 16 வாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அக்டோபர் 26 குறிப்பைப் பார்த்து யாராவது அங்கே இருக்கும் மகளுக்குச் சொல்லியிருந்தால் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

19 ஜூலை 2025

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்த ஒருவரின் மனைவி கேட்டிருக்கிறார்: "மாற்றுக்கு முன்னாடியே இவருக்கு 20 போட்டாச்சு. ஒரு ஊசி போதும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்போ டாக்டர் மறுபடி நாலு டோஸ் என்கிறார்."

அந்த "ஒரு ஊசி" இவருக்குப் பொருந்தாது. மாற்றில் பழைய எதிர்ப்புச் சக்தியின் நினைவு பெரும்பாலும் துடைத்துப் போய்விடும், புது மஜ்ஜை ஏறக்குறைய பிறந்த குழந்தையின் நிலையில் தொடங்குகிறது. மாற்று முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்து, நாலு வார இடைவெளியில் மூன்று, நாலாவது அதற்குப் பின் சில மாதம் கழித்து. நிமோகாக்கல் மட்டுமில்லை, சிறுவயதில் போட்ட மற்ற ஊசிகளும் வரிசையாக வரும். உயிருள்ள கிருமி ஊசிகள் மட்டும் ரொம்பப் பின்னால், டாக்டர் சொன்னபிறகு.

அவர் பழைய அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள், புதிதாக ஒரு அட்டை கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அடுத்து பார்க்கிற நர்ஸ் குழம்புவாள். நீங்களும் கூடவே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் அவரோடு இருப்பவர் நீங்கள்தானே.